சோ மோரிரி ஏரிக்கரையில்: கோர்சோக் முகாம் நாட்குறிப்பு

கோட்டையூர், ஞாயிறு

லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,520 மீட்டர் உயரத்தில் உள்ள சோ மோரிரி ஏரிக்கு நாளை அதிகாலை புறப்படுகிறோம். என் மனைவி, விலங்கியல் படிக்கும் மகள், மனைவியின் அண்ணன், நான் என்று நால்வர் போகிறோம். மச்சான் பொதுப்பணித் துறையில் கண்மாய் மராமத்து வேலைகளிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர் என்பதால், நீர்நிலை எங்கே இருந்தாலும் அதற்கு நீர் வரும் வரத்துக்கால் எது, மிகுநீர் வெளியேறும் கலுங்கு எது என்று கேட்பது அவருக்கு இயல்பாகிவிட்டது.

நாங்கள் தங்கப்போவது கோர்சோக் கிராமத்துக் குடும்பம் ஒன்று கோடையில் மட்டும் நடத்தும் எளிய முகாம். கேன்வாஸ் கூடாரம், இரும்புக் கட்டில், கனத்த ரஜாய், எல்லோருக்கும் பொதுவான உலர் கழிப்பறை, கேட்டால் காலையில் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர், இரவில் சில மணி நேரம் சூரிய மின்விளக்கு, இரண்டு வேளை சாப்பாடு ஆகியவையே அங்குள்ள வசதிகள். இதைக் கேட்ட உறவினர் பலர், அவ்வளவு தொலைவு போய் அட்டாச்டு பாத்ரூம் கூட இல்லாத இடத்திலா தங்குவது, பாங்காங் ஏரியில் நல்ல சொகுசுக் கூடாரங்கள் கிடைக்குமே என்று அக்கறையோடு சொன்னார்கள். ஆனால் ஓட்டின் மேல் விழும் மழையை முற்றத்தில் இறக்கி அண்டாவில் பிடித்து, மிஞ்சியதைத் தெருவின் வாய்க்கால் வழியாக ஊருணிக்கு அனுப்பும்படி வீட்டையும் ஊரையும் சேர்த்தே கட்டிய பகுதியில் பிறந்தவர்கள் நாங்கள். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெறும் சிவகங்கைச் சீமையிலேயே தண்ணீருக்கு இத்தனை கவனம் வேண்டியிருக்கிறது என்றால், அதில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் பெறும் லடாக்கில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை, அவர்கள் புழங்கும் அளவிலேயே நாங்களும் புழங்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

ஆத்தா இரண்டு நாளாகப் பலகாரம் சுட்டுத் தூக்குகளில் அடுக்கியிருக்கிறார்கள். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, கூடவே பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும். கவுனி அரிசி வேண்டாம் என்று மச்சான் தடுத்துவிட்டார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற வைத்தும் நெடுநேரம் வேக வேண்டிய கவுனியை அங்கே வேகவைக்கப் பிறருடைய எரிவாயுவைச் செலவழிப்பது முறையல்ல என்பது அவர் வாதம். நெகிழிப் பொட்டலம் எதையும் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். "தலைக்கு நல்லெண்ணெய் வச்சுக்கிட்டுப் போங்கப்பா, பனி உள்ளே இறங்கிரும்" என்று ஆத்தா ஒரு சிறு சீசாவையும் பையில் வைத்துவிட்டார்கள்.

லே, வியாழன்

காரைக்குடியிலிருந்து பல்லவன் விரைவு வண்டியில் சென்னை, அங்கிருந்து தில்லி, பிறகு லே. பயணத்தைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. ஆனால் லே நகரில் ஏன் இத்தனை நாள் ஓய்வாக இருக்கிறோம் என்பதை மட்டும் விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நம் ஊரிலிருந்து வருபவர்கள் பலர் விடுப்பு குறைவு என்பதற்காக இந்த ஓய்வைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தை ஒட்டி வாழ்ந்த உடல் விமானத்தில் ஏறிச் சில மணி நேரத்தில் இங்கே இறங்கும்போது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. மூச்சின் வேகமும் சிறுநீரகத்தின் வேலையும் இதற்கேற்ப மாறுவதற்குக் குறைந்தது 48 மணி நேரமாவது தேவை. கோர்சோக் இதைவிடவும் ஆயிரம் மீட்டர் உயரம். அங்கே ஒருவருக்கு உயர்நிலை நோய் முற்றினால் கீழே இறக்குவதே தலையாய மருத்துவம், ஆனால் வழியில் உள்ள சுமதாங் கூட 4,000 மீட்டர் அளவில் இருப்பதால், 'கீழே' என்பதே அங்கிருந்து பல மணி நேரப் பயணமாகிவிடும். ஆகவே மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டு, அவர் எழுதித் தந்தபடி டயமாக்ஸ் மாத்திரையைத் தொடங்கியிருந்தோம். இங்கே முதல் நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை, நேற்று சமதளத்தில் மட்டும் நடந்தோம். தலைவலி இருந்தால் மேலும் ஏறக் கூடாது என்பதும், தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் இரவென்றும் பாராமல் இறங்க வேண்டும் என்பதும் நால்வரும் ஒப்புக்கொண்ட விதிகள்.

இன்று மாலை நகரின் ஓரத்தில் வாற்கோதுமை வயல்களுக்கிடையே நடந்தபோது, பனியாற்றிலிருந்து வரும் சிறு வாய்க்காலை ஒரு பெரியவர் மண்வெட்டியால் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். லடாக்கியக் கிராமங்களில் சுர்போன் என்பவர் முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் நீரைப் பங்கிட்டுத் தருவார் என்று எங்கள் வண்டி ஓட்டுநர் விளக்கியதும், மச்சானுக்கு நம் பக்கத்து நீர்பாய்ச்சிகளின் நினைவு வந்துவிட்டது. வாய்க்கால் கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். அதே வயல்களை அடுத்து எழும்பியிருக்கும் விடுதிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டி, குளியலுக்கும் நீரூற்றும் கழிப்பறைக்கும் நிலத்தடி நீரை இறைக்கின்றன. நாங்கள் தங்கியிருப்பதும் அப்படியொரு விடுதியில்தான்.

கோர்சோக், வெள்ளி

லேயிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர். உப்ஷி வரை மணாலி சாலை, பிறகு சிந்து நதியை ஒட்டியே மாஹே பாலம் வரை. சுமதாங்கில் ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்று ஆவி பறக்கக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மாஹேயில் சோதனைச் சாவடி. ஆற்றைக் கடந்து சும்தோ வழியாக நாம்ஷாங் கணவாய் ஏறி இறங்கியதும் கியாகர் என்னும் சிறு ஏரி, அதற்கப்பால் இன்னொரு வளைவு, அதைத் தாண்டியதும் சோ மோரிரி. நீளம் 25 கிலோமீட்டருக்கும் மேல். கிழக்குக் கரைக்குப் பின்னால் 6,600 மீட்டரைத் தாண்டிய சாம்சேர், லுங்சேர் சிகரங்கள் பனியோடு நிற்கின்றன. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மலைகள் காவியும் சாம்பலுமாக இருக்க, நடுவில் இத்தனை நீலம் இருப்பதைப் பார்த்து என் மனைவி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வெறும் கண்ணால் போதுமான அளவு பார்த்த பிறகுதான் ஏறினார்.

முகாம் கிராமத்தை ஒட்டியே இருக்கிறது, தண்ணீரின் ஓரத்தில் இல்லை. கரையில் கூடாரம் அடிக்கக் கூடாது என்பது இங்குள்ள கட்டுப்பாடு என்றும், கரையின் ஈரநிலமெல்லாம் பறவைகள் கூடு கட்டும் இடம் என்றும் முகாமை நடத்தும் அம்மாள் எங்கள் மகளிடம் இந்தியில் சொன்னார். வெண்ணெய்த் தேநீர் தந்து வரவேற்ற அவர், முதலில் காட்டியது கூடாரத்தை அல்ல, கழிப்பறையை. அதைப் பற்றி விவரமாக எழுதுகிறேன், ஏனெனில் உறவினர்கள் அஞ்சியது இதற்குத்தான்.

அது இரண்டு தளம் கொண்ட சிறு கட்டடம். மேல் தளத்தின் மண் தரையில் ஒரு நீள்சதுரத் துளை, பக்கத்தில் உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த குவியல், ஒரு மண்வாரி. பயன்படுத்தியபின் தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணை வாரிப் போட வேண்டும், அவ்வளவுதான். காற்று மிக வறண்டிருப்பதாலும் குளிராலும் நாற்றம் ஏறக்குறைய இல்லை. கீழ்த் தளத்தில் சேர்ந்து மக்கியது வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகிறது. உலகிலேயே மிக உயரத்தில் பயிர் செய்யப்படுபவற்றில் சேர்த்துப் பேசப்படும் கோர்சோக்கின் வாற்கோதுமை வயல்கள் இந்த எருவினால்தான் விளைகின்றன. நீரூற்றும் கழிப்பறையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பல லிட்டர் நீர் செலவாகி, அது ஊறும் குழி மண்ணின் வழியாகக் கடைசியில் ஏரியைத்தான் சேரும், ஏரிக்கோ வெளியே போக வழி கிடையாது. கால் கழுவுவதற்கு மட்டும் நாங்கள் ஒரு சொம்பு தண்ணீரைத் தனியே கூடாரத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டோம். அதற்கு அந்த அம்மாள் இடம் காட்டித் தந்தார்.

இரவுச் சாப்பாடு சோறும் பருப்பும் கீரையும். குக்கர் நீண்ட நேரம் விசிலடித்தது. பருப்புப் பொடியை அவர்களுக்கும் கொடுத்தோம்.

கோர்சோக், சனி

இரவில் யாரும் ஆழ்ந்து உறங்கவில்லை. மூச்சு சில நொடிகள் அடங்கிப் பிறகு வேகமாக எழும் இந்த ஏற்ற இறக்கம் உயரத்தில் பலருக்கும் வருவதுதான் என்று தெரிந்திருந்ததால் பயப்படவில்லை. காலையில் குருதியின் பிராணவாயு அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கருவி எல்லோருக்கும் 90 சதவீதத்துக்குக் கீழேதான் காட்டியது, ஆனால் தலைவலி எவருக்கும் இல்லை.

ஐந்தரை மணிக்கு மகள் எழுப்பினாள். "அப்பச்சி, சத்தம் போடாம வாங்க, குஞ்சோட வந்திருக்கு" என்றாள். கிராமத்துக்குப் பின்னாலிருந்து இறங்கும் ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் புல்லும் சேறுமாக விரியும் ஈரநிலம், அதன் விளிம்பில் வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புப் பட்டைகள், பின்னால் வரிசையாக மஞ்சள் பூத்த குஞ்சுகள். இந்தியாவில் இந்த இனம் குஞ்சு பொரிப்பது லடாக்கின் இத்தகைய உயர்நில ஏரிகளில்தான். குளிர்காலத்தில் இவை இமயத்தைக் கடந்து தெற்கே வருகின்றன. வலசையின்போது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இவை பறப்பதைக் கருவி பொருத்தி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்றும், இவற்றின் குருதியில் உள்ள ஹீமோகுளோபின் மெல்லிய காற்றிலிருந்தும் பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையது என்றும் மகள் விளக்கினாள். ஓடைக்குப் போய் வருவதற்குள் நான்கு முறை நின்று மூச்சு வாங்கிய எனக்கு, அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்டது பெரும் பேறாக இருந்தது. சற்றுத் தள்ளி நீரில் கொண்டை முக்குளிப்பான் ஒன்றும், குளிர்காலத்தில் நம் கடற்கரைகளுக்கு வந்து சேரும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் இருந்தன.

லடாக்கின் மாநிலப் பறவையான கருங்கழுத்துக் கொக்கு ஒரு இணை மட்டும் தொலைவில் தெரிந்தது. சதுப்பில் பெரும்பாலும் இரண்டே முட்டை இட்டு, இரண்டு குஞ்சையும் வளர்த்தெடுக்கப் போராடும் பறவை இது. அதற்கு இங்கே பெரிய பகை நாய்கள். மேய்ப்பர்களின் நாய்கள் என்றும் இருந்தவைதான், ஆனால் முகாம்களும் விடுதிகளும் படைமுகாம்களும் கொட்டும் மிச்சச் சோறு கிடைக்கத் தொடங்கியபின் திரியும் நாய்கள் பெருகி, கோடையில் முட்டைகளையும் குஞ்சுகளையும் வேட்டையாடுகின்றன. சுற்றுலா முடிந்து சோறு நின்றதும் அவை கூட்டமாக ஆட்டுமந்தைகளின் மேல் பாய்கின்றன. தட்டில் நாம் மிச்சம் வைக்கும் ஒரு கைப்பிடிச் சோறு எங்கே போய் முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இருக்க முடியாது. எங்கள் முகாமில் மிச்சத்தையெல்லாம் மூடிய பீப்பாயில் இட்டு மாட்டுக்குக் கொடுக்கிறார்கள். எத்தனை கரண்டி சோறு வேண்டும் என்று போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவதும் அதனால்தான்.

சோ மோரிரி 2002-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு ஒருபுறம் இருக்க, ஊரார் மனம் வைத்தால்தான் பறவை தங்கும் என்பதற்கு நம் திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடியே சான்று. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதைச் சொன்னபோது முகாம் அம்மாள் மிகுந்த ஈடுபாட்டோடு கேட்டு, அங்குள்ள குழந்தைகள் வருத்தப்பட மாட்டார்களா என்று வினவினார்.

பகலில் ஏரிநீரைக் கையில் அள்ளி நுனிநாவில் வைத்துப் பார்த்தேன். லேசாக உப்புக் கரித்தது. ஓடைகள் கொண்டுவரும் உப்புகள் உள்ளே தங்கிவிட, தண்ணீர் மட்டும் வெயிலிலும் காற்றிலும் ஆவியாகி வெளியேறுவதால் வந்த சுவை இது. ஆதியில் ஏரிக்குத் தெற்கே ஒரு வடிகால் இருந்திருக்கிறது. கலுங்கு அடைபட்ட கண்மாய் என்று மச்சான் சொன்னார். எனவே கண்ணுக்கெட்டிய தூரம் நீர் இருந்தும், முகாமுக்குக் குடிநீர் அந்தச் சிறு ஓடையிலிருந்து குழாய் வழியாகத்தான் வருகிறது. குடிக்கும் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று சிறு வயதில் கற்பித்ததை யாரும் நினைவூட்டத் தேவையின்றி, நால்வரும் ஓடையின் மேல்பக்கம் போவதைத் தவிர்த்தோம். பல் துலக்கிய நீரைக் கூடக் குவளையில் பிடித்துக் கூடாரத்தின் பின்னால்தான் ஊற்றுகிறோம்.

கோர்சோக், ஞாயிறு

ஓடையை ஒட்டி மெதுவாக மேலே நடந்து, கோர்சோக் பூ என்னும் மேய்ச்சல் பள்ளத்தாக்குக்குப் போனோம். கோடையில் சாங்பா மேய்ப்பர்கள் இங்கே தங்குகிறார்கள். யாக் மயிரை நூற்று நெய்த ரெபோ என்னும் கருங்கூடாரங்கள் சிலவும், வெள்ளைக் கேன்வாஸ் கூடாரங்கள் பலவும் இருந்தன. ரெபோவின் நெசவு பகலில் புகையை வெளியே விடும்படி இடைவெளியுடன் இருந்தாலும், மழை பட்டதும் மயிர் பருத்து அந்த இடைவெளி அடைத்துக்கொள்ளும் என்று எங்கள் ஓட்டுநர் விளக்கினார்.

பால் கறக்கும் நேரம். வெள்ளாடுகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, கழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி ஒரே கயிற்றால் பிணைத்துவிட்டு, பெண்கள் பின்பக்கமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறந்துகொண்டே போகிறார்கள். கடைசி ஆட்டைக் கறந்ததும் கயிற்றின் நுனியை இழுத்தால் மொத்த வரிசையும் அவிழ்கிறது. பஷ்மினா என்று உலகமெங்கும் விலைபோகும் சால்வைக்கான மென்மயிர் இந்த ஆடுகளின் உடலில்தான் கடுங்குளிரைத் தாங்க வளர்கிறது. கத்தரிப்பதில்லை, கோடைத் தொடக்கத்தில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். தேன்குழலைத் தூக்கோடு நீட்டினோம். அவர்கள் உலர்த்திய பாலாடைக்கட்டியைத் தந்தார்கள். அது வாயில் கரைய ஒரு மணி நேரம் ஆயிற்று.

கோர்சோக், திங்கள்

இங்கே பிற்பகலில் தினமும் காற்று எழுகிறது. இன்று அது மிகக் கடுமையாக இருந்ததால் கூடாரக் கயிறுகளின் மேல் கல் தூக்கி வைப்பதிலேயே பொழுது போயிற்று. முளை அடித்தால் சரளை மண்ணில் நிற்பதில்லை, கல்தான் ஒரே பிடிமானம். கூடாரம் அடிப்பவர்கள் வாசலைக் கிழக்கே வைத்தால் காலை வெயில் உள்ளே வரும், மாலைக் காற்று முதுகில் போகும்.

மாலையில் வந்த ஒரு குழுவினர் வெந்நீர்க் குளியலும் விறகுத் தீயும் கேட்டார்கள். அந்த அம்மாள் இரண்டும் இல்லை என்று பணிவாகச் சொன்னபோது, பணம் தருவதாகவும் சொன்னார்கள். இங்கே விறகு என்றால் வெகு தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டும், அல்லது மலைச்சரிவில் பல ஆண்டுகளாக வளர்ந்து முழங்கால் உயரத்தையும் எட்டாத புதர்களை வேரோடு பிடுங்க வேண்டும். அந்த வேர்கள்தான் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை. இல்லை என்று சொல்லி வருமானத்தை இழக்கத் துணிந்த அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை ஏற்பட்டது. இத்தகைய முகாம்களில் இல்லாதவை எல்லாம் குறைகள் அல்ல, ஏரிக்குச் செய்யப்படும் காவல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குளிருக்குத் தீ கேட்பதற்குப் பதிலாக, தோலோடு ஒட்டும் கம்பளி உள்ளாடையும் கொதிநீர் நிரப்பிய ரப்பர் பையும் எடுத்து வரலாம். எங்களுக்கு அவை போதுமானவையாக இருந்தன.

லே, புதன்

நேற்று வேறு வழியில் திரும்பினோம். சும்தோவிலிருந்து கந்தகம் மணக்கும் பூகா வெந்நீர் ஊற்றுகளைத் தாண்டி, போலோ கொங்கா கணவாய் ஏறி சோ கார் ஏரி, அங்கிருந்து 5,300 மீட்டருக்கும் மேலான தக்லாங் கணவாய் வழியாக லே. சோ காரின் கரையெங்கும் வெள்ளை பூத்திருந்தது. அதன் அருகிலேயே நல்ல நீருள்ள ஸ்டார்ட்சபுக் என்னும் சிறு ஏரியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 2020-இல் ராம்சார் பட்டியலில் ஏற்றினார்கள். முற்காலத்தில் சாங்பாக்கள் இந்த உப்பைச் சேகரித்து, செம்மறிகளின் முதுகில் சிறு பைகளாக ஏற்றி, தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றினார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போவதற்கு வெகுகாலம் முன்பு நம் நகரத்தார் முன்னோரும் உப்பு வணிகர்களாகவே இருந்தவர்கள் என்பதால், அந்தக் கரையில் நின்றபோது எங்களுக்கு அது அயலார் கதையாகத் தோன்றவில்லை. மச்சான் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடிக்கப் பார்த்து, பாதுகாக்கப்பட்ட இடம் என்று மகள் சொன்னதும் அங்கேயே போட்டுவிட்டார்.

முகாமில் சேர்ந்த மின்கலம், மாத்திரை அட்டை போன்ற எங்கள் குப்பை ஒரு சிறு பைதான். அதை லே வரை கொண்டுவந்துவிட்டோம், மின்கலங்களை ஊருக்கே எடுத்துப் போகிறோம். கொண்டுசென்ற தூக்குகள் காலியாகிவிட்டன. புறப்படும்போது முகாம் அம்மாள் அவற்றில் ஒன்றை நிறைய வாற்கோதுமை மாவு போட்டுத் தந்தார். வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உண்பது இங்கே வழக்கம். ஆத்தா அதை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை, கூழாகக் காய்ச்சுவார்கள் என்று என் மனைவி நினைக்கிறார்.

மகள் இப்போதே ஜனவரிப் பயணத்துக்குத் திட்டம் போட்டுவிட்டாள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வருகின்றன, அங்கேயும் ஊர் மக்களே பறவைகளைக் காக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து மதுரை வழியாகக் காரில் ஒரே நாளில் போய்விடலாம். கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவை தங்கும் என்பதால், வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்வோம் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.